3 மிமீ பலகையை அடுக்கி ஆறு துண்டு பர் புதிர்: அளவை எங்கிருந்து தொடங்குவது?

கணக்கு வாத்தியார்

வணக்கம். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் ஊரில் விளம்பரப் பலகை செய்யும் கடை ஒன்றில் இப்போது கார்பன் டை ஆக்சைடு லேசர் எந்திரம் வந்திருக்கிறது. கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெட்டித் தருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு துண்டு பர் புதிர் செய்து தர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. தெரியாதவர்களுக்கு: ஆறு குச்சிகள், இரண்டிரண்டாக மூன்று திசையில் ஒன்றை ஒன்று குறுக்காகக் கடக்கும். நடுவில் வெட்டிய காடிகள், அதாவது பள்ளங்கள், ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு, ஆணியும் பசையும் இல்லாமல் முழுசாக நிற்கும்.

லேசர் தட்டையாகத்தான் வெட்டும். தடித்த குச்சியில் நாலு பக்கமும் காடி எடுக்க அதனால் ஆகாது. ஆகவே என் திட்டம் இது. ஒவ்வொரு குச்சியையும் 3 மிமீ எம்.டி.எஃப் பலகையில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) நான்கு அடுக்காக வெட்டி ஒட்டுவது. நான்கு அடுக்கு சேர்ந்தால் 12 மிமீ. அதில் பாதி, 6 மிமீ, ஒரு அலகு. குச்சி 2×2×8 அலகு, அதாவது 12×12×48 மிமீ. ஒரு அலகு காடிக்கு 6, இரண்டு அலகு காடிக்கு 12 என்று வரையலாமா? வெட்டக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

லேசர்க்காரி

சார், திட்டம் நல்ல திட்டம். ஆனால் அந்த 12ஐயும் 6ஐயும் முதலில் அழித்துவிடுங்கள்.

3 மிமீ என்று விற்கிற பலகை 3 மிமீ இருப்பதில்லை. எம்.டி.எஃப் 2.8 வரும், 2.9 வரும், சில லாட்டில் 3.1 கூட வரும். அக்ரிலிக் இன்னும் மோசம். வார்ப்பு அக்ரிலிக்கில் ஒரே ஷீட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தடிமன் மாறும். நீங்கள் தாளில் 12 மிமீ அகலம் என்று வரைந்தால் எந்திரம் 12க்குப் பக்கத்தில் வெட்டித் தந்துவிடும். ஆனால் அடுக்கிய உயரம் 11.6 ஆக நிற்கும். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 11.6 என்று குச்சி சதுரமே இல்லாமல் போகும். பர் புதிரில் ஒவ்வொரு குச்சியும் மற்ற இரண்டு திசைக் குச்சிகளோடும் உரசும். அதனால் ஒரு திசையில் லொடலொட என்றும் இன்னொரு திசையில் உள்ளேயே போகாமலும் இருக்கும்.

வழி சுலபம். நீங்கள் வெட்டப் போகிற அதே ஷீட்டிலிருந்து நாலு கழிவுத் துண்டு எடுங்கள். கடைசியில் எந்தப் பசையால் ஒட்டப் போகிறீர்களோ அதே பசையால் ஒட்டி, அதே கிளாம்பில் இறுக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, வெர்னியரில் நாலைந்து இடத்தில் அளங்கள். ஒற்றைத் தாளை அளந்து நாலால் பெருக்காதீர்கள். நடுவில் மூன்று பசைக்கோடு இருக்கிறது, அதற்கும் தடிமன் உண்டு. இந்த அளவு கையில் வரும்வரை கணினிப் பக்கம் போகவே வேண்டாம்.

கணக்கு வாத்தியார்

நன்றி மேடம். ஷீட் வாங்கி வைத்திருக்கிறேன். ஒட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உளிச்சத்தம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். தேக்கிலோ வேம்பிலோ 12 மிமீ சதுரக் குச்சி இழைத்து, பின்ரம்பத்தில் இரண்டு கோடு போட்டு, உளியால் நடுவைத் தட்டி எடுத்தால் ஒரு காடி முடிந்தது. ஒரு சாயங்காலத்தில் ஒரு புதிர் ஆகிவிடும். இதற்கு லேசர், பசை, வெர்னியர், கணினி எல்லாம் எதற்கு? எம்.டி.எஃப் மரமே இல்லை. பிள்ளைகள் கையில் உண்மையான மரம் போக வேண்டாமா? மூலைமட்டம் வைத்துக் கோடு போடப் பழகுவதும் ஒரு பாடம்தானே.

ஆறுதுண்டு

அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதியை நான் முழு மனதாக ஒப்புக்கொள்கிறேன். மரம் கையில் கனக்கிற சுகம் எம்.டி.எஃப்புக்குக் கிடையாது. ஆனால் ரம்பத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. பர் புதிரின் கதையில் பாதி அந்த எல்லையைப் பற்றியதுதான்.

குச்சியின் நடுப்பகுதியில் எடுக்கக்கூடிய சிறு கனங்கள், அதாவது ஓர் அலகுக் கனசதுரங்கள், மொத்தம் 12. ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம். அப்படிப் பார்த்தால் 4096 வகை. இரண்டாக உடைந்துபோகிறவை, திருப்பிப் பார்த்தால் ஒன்றேயானவை எல்லாம் கழித்தபின் உபயோகமாகிற துண்டுகள் 837. அதில் ரம்பத்தால் குறுக்கே வெட்டி எடுக்க முடிகிறவை வெறும் 59. மிச்சம் எல்லாவற்றிலும் எங்காவது ஒரு குருட்டு மூலை இருக்கும். அதாவது மூன்று பக்கமும் சுவர், ரம்பம் கடந்து போக வழியில்லை. அங்கே உளியை வைத்துக் குடைய வேண்டும், அல்லது வெட்டியபின் சின்னக் கனம் ஒன்றை ஒட்ட வேண்டும்.

அமெரிக்கக் கணிதக்காரர் பில் கட்லர் இந்தக் கணக்கை முழுசாகப் போட்டவர். முதலில், உள்ளே பொந்தே இல்லாத புதிர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். ரம்பத்தில் வெட்ட வருகிற துண்டுகளில் 25 வகைதான் அதற்கு ஆகும். அவற்றால் 314 சேர்க்கைகள் வருகின்றன. எல்லா வகைத் துண்டையும் அனுமதித்தால் பொந்தில்லாத சேர்க்கை 1,19,979. பிறகு பொந்து இருந்தாலும் பரவாயில்லை என்று 837 துண்டையும் எடுத்துக்கொண்டு, பல கணினிகளை ஓடவிட்டு 1990இல் முடித்தார். வந்த எண்ணிக்கை சுமார் 3,565 கோடி.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுக்கி ஒட்டும் முறையில் குருட்டு மூலை என்ற பிரச்சினையே கிடையாது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு தட்டையான வெளிக்கோடு, அவ்வளவுதான். 837இல் எந்தத் துண்டானாலும் லேசருக்கு ஒரே வேலை. உங்கள் உளி 59க்குள் ராஜா. 60ஆவது துண்டிலிருந்து இந்த முறைக்கு மதிப்பு வருகிறது.

உளிச்சத்தம்

59 என்ற எண்ணிக்கை எனக்குப் புதிது. குருட்டு மூலையை 6 மிமீ உளியில் குடைந்திருக்கிறேன். குறுக்கு இழையில் உடைந்துபோகும், அது உண்மை. சரி, அடுக்கு முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. பொந்து இருந்தால் என்ன லாபம்? உள்ளே காலியாக இருப்பது வேலைக்குறை இல்லையா?

ஆறுதுண்டு

பொந்துதான் புதிரைக் கஷ்டமாக்குகிறது. உள்ளே முழுக்க அடைத்திருந்தால் துண்டு நகர இடமில்லை. முதல் துண்டோ கூட்டமோ ஒரே இழுப்பில் வெளியே வரும். காலியிடம் இருந்தால் ஒரு துண்டைக் கொஞ்சம் தள்ளி, அதனால் இன்னொன்று நகர வழி பிறந்து, அதை இழுத்து, முதலாவதைத் திருப்பி வைத்து என்று போகும். முதல் துண்டு கழன்று வருவதற்கு எத்தனை நகர்வு என்பதைத்தான் அந்தப் புதிரின் நிலை என்கிறோம். ஆறு துண்டில் எட்ட முடிந்த உச்சம் 12. விடை ஒன்றே ஒன்று இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் உச்சம் 10.

வாத்தியார் சார் வகுப்புக்கு முதலில் பொந்தில்லாத ஒன்றை எடுக்கலாம். காடியே இல்லாத முழுக்குச்சி சாவியாக இருக்கிற வகை. அதை உருவினால் மற்றவை பிரிந்து வரும். இரண்டாவதாக நிலை 5 போல ஒன்றைச் செய்து கொடுங்கள். அதுவரை சாவியைத் தேடி இழுத்துப் பழகிய பிள்ளை, இழுத்தால் எதுவுமே வராத புதிரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். பர் புதிரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

கணக்கு வாத்தியார்

ஆறுதுண்டு சார், அந்த 12 கனங்கள், 4096 வகை என்றதும் எனக்கு வகுப்பே கண்முன் வந்துவிட்டது. இரண்டின் அடுக்குகள்! ஒவ்வொரு கனத்துக்கும் 1, 2, 4, 8 என்று 2048 வரை மதிப்புக் கொடுத்தால் துண்டுக்கு ஓர் எண் கிடைத்துவிடுமே?

மேடம் சொன்னபடி ஒட்டி அளந்தேன். ஒற்றைத் தாள் 2.9. நான்கும் ஒட்டிக் காய்ந்தபின் 11.7. பசை மட்டும் 0.1 சேர்த்திருக்கிறது. இனி அலகு 5.85 என்று எடுத்து வரையலாமா?

ஆறுதுண்டு

துண்டு எண் பற்றி நீங்கள் ஊகித்தது அப்படியே சரி. எடுத்துவிட்ட கனங்களின் மதிப்பைக் கூட்டி, அதோடு 1 சேர்ப்பது வழக்கம். அதனால் ஒன்றும் எடுக்காத முழுக்குச்சி 1ஆம் எண். புதிர்க்காரர்கள் துண்டுகளை இந்த எண்ணால்தான் அழைக்கிறார்கள்.

அலகு 5.85 இல்லை. அப்படி வரைந்தால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே இடைவெளி பூஜ்யம். காற்றுகூடப் போகாது. ஒவ்வொரு முகத்தையும் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும். எம்.டி.எஃப்புக்கு முகத்துக்கு 0.1 மிமீ வைத்துத் தொடங்குங்கள். அதாவது எதிரெதிரே நிற்கிற இரண்டு முகத்துக்கும் சேர்த்து 0.2.

கணக்கு இப்படி வரும். குச்சியின் உயரத்தை உங்களால் மாற்ற முடியாது, அது 11.7 என்று பலகை தீர்மானித்துவிட்டது. ஆக 11.7 என்பதை ஏற்கெனவே உள்ளிழுத்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 0.1 திருப்பிச் சேர்த்தால் இரண்டு அலகு 11.9. ஓர் அலகு 5.95. இனி எல்லாமே இதிலிருந்துதான்.

குச்சியின் அகலம் 11.7, உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். நீளம் எட்டு அலகு 47.6, அதில் 0.2 போக 47.4. காடி என்றால் பெரிதாக்க வேண்டும், பல் என்றால் சிறிதாக்க வேண்டும். ஓர் அலகுக் காடி 6.15, இரண்டலகு 12.1, நான்கலகு 24.0. இரண்டு காடிக்கு நடுவே நிற்கிற ஓர் அலகுப் பல் 5.75. காடியின் ஆழம் 5.95, அடியில் மிச்சம் நிற்பது 5.75. காடியை எப்போதும் குச்சியின் நடுப்புள்ளியிலிருந்து அளந்து போடுங்கள். ஓரத்திலிருந்து அளந்தால் அந்த 0.1 எங்காவது காணாமல் போகும்.

லேசர்க்காரி

இதோடு வெட்டு அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். லேசர் போகிற கோட்டில் கொஞ்சம் பலகை எரிந்து போய்விடும். எவ்வளவு என்பது எந்திரம், லென்ஸ், வேகம், பலகை எல்லாவற்றையும் பொறுத்தது. கடைக்காரரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள்: 100 மிமீ நீளப் பட்டை ஒன்றை வரைந்து, 10 மிமீக்கு ஒரு கோடாகப் பத்துத் துண்டாக வெட்டச் சொல்லுங்கள். பத்தையும் நெருக்கி வைத்து அளங்கள். 98.4 வந்தால் பத்துத் துண்டுக்கு 1.6 போயிருக்கிறது. ஒரு வெட்டு 0.16.

அதில் பாதி, 0.08, ஒவ்வொரு வெளிக்கோட்டையும் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஓர் அடுக்கு முழுவதும் ஒரே மூடிய கோடுதான், காடிகூட அந்தக் கோட்டின் வளைவுதான். அதனால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் முழுக்கோட்டையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் பல் பெருக்கும், காடி தானாகக் குறுகும். காடியைத் தனியாகக் கணக்குப் போட வேண்டாம்.

கடையில் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு துண்டை ஒட்டிவைத்துப் பொதுக்கோட்டில் வெட்டுவார்கள். பெயர்ப் பலகைக்கு அது சரி, பர் புதிருக்கு ஆகாது. அந்த ஒரு வெட்டு இரண்டு துண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும், உங்கள் திருத்தம் வீண். துண்டுக்குத் துண்டு 2 மிமீ இடைவெளி விட்டு அடுக்குங்கள். கோப்பின் ஓரத்தில் 50 மிமீ சதுரம் ஒன்றையும் போட்டு வையுங்கள். கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவு மாறிப்போவது சகஜம். இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் அங்குலத்துக்கு 90 புள்ளி, 0.92 முதல் 96. அந்தச் சதுரத்தை முதலில் வெட்டி அளந்தால் முழு ஷீட்டும் தப்பிக்கும்.

கடலோரம்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே உப்புக்காற்றும் ஈரமும். எம்.டி.எஃப் மாரி காலத்தில் ஊதும், முக்கியமாகத் தடிமன் பக்கமாக. வைகாசியில் சுகமாகக் கழன்ற புதிர் கார்த்திகையில் பிடித்துக்கொண்டு நிற்கும். ஈரமான ஊர்க்காரர்கள் முகத்துக்கு 0.12, 0.13 வையுங்கோ. அல்லது அக்ரிலிக்குக்குப் போங்கோ. அது அவ்வளவாக ஊதாது, வெட்டிய விளிம்பும் கண்ணாடி போல வரும். ஆனால் ஓர் அலகு மட்டும் நிற்கிற மெல்லிய கழுத்து இருக்கிற துண்டு அக்ரிலிக்கில் கீழே விழுந்தால் உள்மூலையில் விரிசல் விடும்.

இன்னொன்று. பார்க்க அக்ரிலிக் மாதிரியே இருக்கிற பி.வி.சி. பலகையை யாரும் லேசரில் வைக்க வேண்டாம். எரியும்போது வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. மூச்சுக்கும் கேடு, எந்திரத்தையும் அரித்துவிடும்.

லேசர்க்காரி

கடலோரம் அண்ணா சொல்வதை அடிக்கோடிட்டு வையுங்கள். அக்ரிலிக்கை ஒட்டக் குளோரோஃபார்ம் ஊற்றுகிற பழக்கம் நம்ம ஊர்க் கடைகளில் உண்டு. பள்ளிக்கூட வேலைக்கு அது வேண்டவே வேண்டாம் சார். நீங்கள் எம்.டி.எஃப்பும் ஃபெவிகாலுமாகவே போங்கள்.

கணக்கு வாத்தியார்

எல்லாம் குறித்துக்கொண்டேன். பர்டூல்ஸ் இறக்கிப் பார்த்தேன். நல்ல மென்பொருள், இலவசமும்கூட. துண்டுகளைக் கொடுத்தால் எத்தனை விடை, எத்தனை நகர்வு என்று சொல்லி, பிரிவதை அசைத்தும் காட்டுகிறது. இப்போது ஒரு சந்தேகம். குச்சியை எந்த வாக்கில் அடுக்காகப் பிரிப்பது? காடி மேலே பார்க்க மேசையில் வைத்தால், அடுக்குகள் படுத்திருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா?

ஆறுதுண்டு

நிற்க வேண்டும், அலமாரியில் புத்தகம் நிற்கிற மாதிரி. காரணம் சொல்கிறேன்.

அடுக்குகள் படுத்திருந்தால் மேல் இரண்டு அடுக்கில் காடி வருகிற இடம் முழுசாகக் காலி. குறுக்கே முழு அகலக் காடி இருந்தால் அந்த அடுக்கு இரண்டு தீவாக உடைந்துவிடும். இந்த ஓரத்துக்கு ஒன்று, அந்த ஓரத்துக்கு ஒன்று. இரண்டையும் சரியான தூரத்தில் பிடித்து ஒட்ட வேண்டும். அடுக்குகள் நின்றால் ஒவ்வொன்றும் ப எழுத்தைப் போல நிமிர்ந்த தொட்டி வடிவமாக, அடி சேர்ந்து ஒரே துண்டாக வரும். காடியின் அகலத்தை லேசரே தீர்மானித்துவிடும், உங்கள் கையை நம்பியிருக்காது.

சில துண்டுகளில் ஒரு பாதியில் அடியும் வெட்டுப்பட்டிருக்கும். அப்போது நின்றாலும் அந்தப் பாதியின் அடுக்கு தீவாகும். அதைத் தவிர்க்க முடியாது, அடுத்த பாதி பாலமாக நிற்கும். அதற்காகத்தான் நீளத்தை எட்டு அலகாக வைத்தது நல்லது என்கிறேன். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு அலகு எந்தத் துண்டிலும் வெட்டுப்படாது. அங்கே முனைக்கொரு 3 மிமீ துளை எல்லா அடுக்கிலும் ஒரே இடத்தில் போட்டு, மூங்கில் குச்சியோ கம்பியோ செருகி ஒட்டினால் அடுக்கு நகராது. துளையையும் வெட்டு அகலத்துக்கு ஏற்பச் சிறிதாக வரையுங்கள்.

பர்டூல்ஸில் துண்டு வரைகிற கட்டம் ஒரு நேரத்தில் ஓர் அடுக்கைத்தான் காட்டும். துண்டைத் திருப்பி, குச்சியின் அகலம் அந்த அடுக்குத் திசையில் வரும்படி வையுங்கள். அப்புறம் திரையில் தெரிகிற ஒவ்வொரு அடுக்கும் நீங்கள் வெட்ட வேண்டிய வடிவமேதான். ஒரு துண்டுக்கு இரண்டு வடிவம், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. ஆறு துண்டுக்கு 24 வெட்டு.

லேசர்க்காரி

24ம் கலந்துவிட்டால் பிரிப்பது பெரிய வேலை. பசை போகிற முகத்தில் குறைந்த திறனில் துண்டு எண்ணும் அடுக்கு எண்ணும் லேசாகப் பொறித்துவிடுங்கள். ஒட்டியபின் தெரியாது.

கணக்கு வாத்தியார்

வெட்டி வந்துவிட்டது. 50 மிமீ சதுரம் 49.84 இருந்தது, அதைத் திருத்தாமல் போட்டிருந்தோம், ஆகவே வெட்டு அகலம் 0.16 என்பது உறுதி. ஆறு குச்சியும் ஒட்டிக் காய்ந்தன. அகலமும் உயரமும் எல்லாவற்றிலும் 11.65க்கும் 11.75க்கும் நடுவே. முழு அகலக் காடியில் மற்றக் குச்சி எங்கே வைத்தாலும் சுகமாக வழுக்குகிறது.

ஆனால் பாதி அகலம் மட்டும் வெட்டிய இடங்களில் இறுக்கம். அதாவது ஒரு பாதி காலி, மறுபாதி சுவராக நிற்கிற இடம். அங்கே மற்றக் குச்சி நுழையும்போது நடுச்சுவரில் உரசுகிறது. இரண்டு இடத்தில் தட்டித்தான் உள்ளே போகிறது. வெர்னியரில் பார்த்தால் அந்தச் சுவர் 5.85, சில இடத்தில் 5.9. தாளில் 5.75 என்றல்லவா கணக்குப் போட்டோம்?

ஆறுதுண்டு

நீங்கள் அளந்த 5.85 தப்பே இல்லை. அடுக்கு முறைக்கே உள்ள குணம் அது. நிதானமாகப் பாருங்கள்.

தாளில் வரைந்த ஒவ்வொரு முகத்தையும் 0.1 உள்ளே இழுத்தோம். அது லேசர் வெட்டிய முகம். ஆனால் குச்சியின் சரிநடுவில், இரண்டாவது அடுக்கும் மூன்றாவது அடுக்கும் சந்திக்கிற இடத்தில் இருக்கிற முகத்தை லேசர் வெட்டவில்லை. அது பலகையின் சொந்த முகம். அதை உள்ளே இழுக்க வழியே இல்லை. ஆகவே 11.7இல் சரிபாதி, 5.85 நிற்கிறது. எதிரே வருகிற குச்சியின் முகம் 0.1 உள்வாங்கியிருக்கிறது, இது வாங்கவில்லை. மற்ற எல்லா இடத்திலும் 0.2 இடைவெளி, இந்த நடுமுகத்தில் மட்டும் 0.1.

நல்ல செய்தி என்னவென்றால் அது ஒருபோதும் பூஜ்யமாகாது. ஒரு குச்சியின் நடுமுகத்தைத் தொடுவது மற்றக் குச்சியின் வெளிமுகமோ வெட்டுமுகமோதான். இரண்டு நடுமுகங்கள் நேருக்கு நேர் சந்திக்கிற நிலை ஆறு துண்டு பர்ரில் வராது. மூன்று ஜோடியையும் தாளில் வரைந்து பாருங்கள், வகுப்புக்கே அது ஒரு நல்ல கணக்கு.

ஆக 0.1 இருந்தாலே வழுக்க வேண்டும். தட்டித்தான் போகிறது என்றால், அந்த 5.9 காட்டுகிற இடங்களில் வேறு ஏதோ இருக்கிறது. உள்மூலையைப் பாருங்கள்.

உளிச்சத்தம்

பசை. பார்க்காமலே சொல்கிறேன். கிளாம்ப் இறுக்கும்போது பிதுங்கிய ஃபெவிகால் உள்மூலையில் ஓடிக் காய்ந்திருக்கும். காய்ந்தால் நிறமே தெரியாது, நகத்தால் தடவினால் வழவழப்பாகத் தட்டுப்படும். 6 மிமீ உளி ஒன்று நன்றாகச் சாணை பிடித்து, தட்டை முகம் சுவரோடு படிய வைத்து மூலையை நோக்கித் தள்ளுங்கள். சுருளாக வந்துவிடும். அரம் போடாதீர்கள், அது மூலையை எட்டாது, சுவரை மட்டும் தின்னும்.

அடுத்த தடவை பசையை மூலையிலிருந்து 2 மிமீ தள்ளியே பூசுங்கள். இறுக்கிய கையோடு, ஓரம் சீவிய மூங்கில் குச்சியால் மூலையை வழித்துவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம், எம்.டி.எஃப் ஊதிவிடும்.

அதற்குப் பிறகும் பிடித்தால், தட்டையான கட்டையில் 220 உப்புத்தாள் ஒட்டி நடுச்சுவரை மட்டும் நாலு இழுப்பு இழுங்கள். தேய்த்துத் தேய்த்து அல்ல, போட்டுப் பார்த்துத் தேய்க்க வேண்டும்.

கணக்கு வாத்தியார்

ஐயா சொன்னது அப்படியே. மூன்று மூலையில் பசை இருந்தது. உளியை அடுத்த தெரு ஆசாரியிடம் வாங்கி வந்தேன், சுருளாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு சுவருக்கு மட்டும் உப்புத்தாள் தேவைப்பட்டது. இப்போது ஆறும் கோத்து நிற்கிறது. குலுக்கினால் சத்தம் இல்லை, சாவியை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வருகிறது.

வெட்டிய விளிம்பின் கரி கையில் ஒட்டுகிறது. வார்னிஷ் அடிக்கலாமா?

லேசர்க்காரி

வார்னிஷ் வேண்டாம் சார். ஒவ்வொரு பூச்சும் முகத்துக்கு ஒரு தடிமன் சேர்க்கும், நீங்கள் பாடுபட்டு வாங்கிய 0.1ஐ அது சாப்பிட்டுவிடும். உலர்ந்த துணியால் கரியை அழுத்தித் துடைத்துவிட்டு வெள்ளை மெழுகுவர்த்தியை எல்லா முகத்திலும் தேய்த்து, பழைய காட்டன் துணியால் மெருகேற்றுங்கள். கரியும் நிற்கும், துண்டும் வழுக்கும். முனை முகங்களுக்கு மட்டும் வேண்டுமானால் நிறம் அடிக்கலாம், அவை எதோடும் உரசாது.

கடலோரம்

மெழுகு ஈரத்தையும் கொஞ்சம் தடுக்கும். வெட்டிய விளிம்புக்கு இரண்டு தரம் தேயுங்கோ, எம்.டி.எஃப் தண்ணி குடிக்கிறது அந்த வழியாகத்தான்.

உளிச்சத்தம்

ஆறுதுண்டு தம்பிக்கு ஒரு கேள்வி. இதே அடுக்கு முறையை மரத்தில் செய்தால்? 3 மிமீ தேக்கு வெனீர்ப் பட்டைகளை இழை குறுக்கு மறுக்காக வைத்து ஒட்டினால் குருட்டு மூலையும் கிடைக்கும், உடைகிற குறுக்கு இழையும் இருக்காது என்று தோன்றுகிறது. லேசர் இல்லாமல் நூல்ரம்பத்தில் வெட்டலாமா?

ஆறுதுண்டு

தாராளமாக அண்ணே. முனை அலகுகளில் மூங்கில் ஆணி இருந்தால் அடுக்கு நகராது. நூல்ரம்பத்தில் கோடு 0.3 அளவுக்கு அலையும் என்பதால் காடியைக் கோட்டுக்கு உள்ளேயே வெட்டி, நான்கு அடுக்கும் ஒட்டியபின் உளியால் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இழையைக் குறுக்கு மறுக்காக வைப்பதில் ஒன்று மட்டும் கவனியுங்கள். மரம் இழைக்குக் குறுக்கேதான் ஊதும், நீளவாக்கில் அநேகமாக ஊதாது. அடி மெலிந்து கழுத்தாக நிற்கிற அடுக்குகளில் இழை நீளவாக்கில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கழுத்து அங்கேயே ஒடியும். ஒன்றை இப்படியும் இன்னொன்றை அப்படியும் என்று மாற்றி வைக்காமல், வெளி இரண்டு அடுக்கும் நீளவாக்கு, உள் இரண்டும் குறுக்கு என்று வைத்தால் குச்சி முறுக்காது. கழுத்து உள் அடுக்கில் வருகிற துண்டுக்கு மட்டும் உள்ளேயும் நீளவாக்கில் வைத்துவிடுங்கள். நிலை 5 துண்டுகளின் அடுக்கு வரைபடம் வாத்தியாருக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், 11.7க்குப் பதில் உங்கள் பட்டையை ஒட்டி அளந்த உயரத்தைச் சொன்னால் அதிலிருந்து உங்களுக்கும் ஒன்று போட்டுத் தருகிறேன்.